மாமியார் பெயரில் போட்ட கார்டு

குழந்தைகள் தொலைக்காட்சிப் பெட்டியிலிருந்து பத்தடி தள்ளி உட்கார வேண்டும் என்று ஒரு வாரப் பத்திரிகையில் படித்தேன். தையல் டேப்பை எடுத்துவந்து எங்கள் கூடத்தை அளந்தேன். பெட்டியிலிருந்து எதிர்ச்சுவர் வரை ஒன்பதடி நாலங்குலம்தான் இருந்தது. அன்றிலிருந்து பெட்டி ஓடும் நேரமெல்லாம் பதினோரு மாத மகளைத் தூக்கிக்கொண்டு சமையலறை வாசற்படியில் உட்கார்ந்துவிடுவேன். அங்கிருந்து திரையில் பாதிதான் தெரியும். மீதிப் பாதியில் நடப்பதைக் கூடத்தில் இருப்பவர்கள் உரக்கச் சொல்லிவிடுவார்கள். நடக்காததையும் சொல்வார்கள்.

எண்பதுகளின் நடுவில், உத்திரமேரூரிலிருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளி இருந்த எங்கள் ஊரில், எங்கள் தெருவுக்கு அது ஒன்றுதான் பெட்டி. என் மாமியாருடையது. இழுத்துச் சாத்துகிற மரக்கதவு போட்டு, சாவி அவர் இடுப்பில் இருந்தது. சாயங்காலம் அவர் கதவைத் திறப்பதற்குள் கூடம் நிறைந்துவிடும். இருமல், பீடி நாற்றம், ஈரக்கால் எல்லாம் உள்ளே வரும். யாருக்காவது சளி இருக்குமோ, அது குழந்தைக்கு ஒட்டிக்கொள்ளுமோ என்று ஒவ்வொரு மூக்காகப் பார்ப்பேன். பார்த்து என்ன செய்தேன் என்றால் ஒன்றும் செய்யவில்லை. வந்தவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன்.

என் வீட்டுக்காரர் எந்த நாடகத்தையும் முழுதாகப் பார்த்ததில்லை. சென்னையிலிருந்து வருகிற படம் எங்கள் ஊர் வரை வருவதற்குள் களைத்துப்போய்விடும். அவர் மொட்டைமாடியில் ஆன்டெனா குழாயைப் பிடித்துத் திருப்பிக்கொண்டே "தெரியுதா?" என்பார். கீழே பாதிப்பேர் தெரியுது என்பார்கள், பாதிப்பேர் தெரியல என்பார்கள். அதனால் எந்த நாடகத்தைப் பற்றியும் அவருக்குக் கருத்தே கிடையாது. மற்ற விஷயங்களிலும் ஏறக்குறைய அப்படித்தான்.

கருத்துக்கு மற்றவர்களிடம் பஞ்சமில்லை. எதிர்வீட்டு மாமா ஒரு காலத்தில் உத்திரமேரூர் டூரிங் கொட்டாயில் டிக்கெட் கிழித்தவர். அந்தத் தகுதியில் பெட்டிக்கு நேர் எதிரே அவருக்கு ஒரு நாற்காலி. ஞாயிற்றுக்கிழமை படத்தில் பெயர் போடும்போதே முடிவைச் சொல்லிவிடுவார். முடிவு வேறு மாதிரி வந்தால், அது படம் எடுத்தவனுடைய தப்பு. தொலைக்காட்சி நாடகத்தைக்கூட, "இது ஓடாது. மூணு நாளு தாங்காது" என்பார். அந்த நாடகத்தை ஒரே ஒரு நாள்தான் போடுவார்கள் என்று அவரிடம் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

என் மாமியாரின் பார்வை வேறு. கதை எங்கே போனாலும் அவர் கண் அந்த வீட்டுச் சமையலறைக்குப் போய்விடும்.

"அடுப்புல தீயே இல்ல. ஆனா கொயம்பு கொதிக்குதாம். நல்லா கீது இவ சமையலு."

கதாநாயகன் கோபத்தில் கதவைச் சாத்தினால் அந்த வீட்டுச் சுவரே ஆடும். கணவன் மனைவி பிரிகிற கட்டத்தில், எல்லோரும் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கும்போது, மாமியார் கேட்டார்: "கதவ சாத்தினா செவுரு ஆடுதே, இந்த வூட்ட கட்டுன மேஸ்திரி யாரு? இந்த வூட்டுல போயி எந்தப் பொண்ணு குடித்தனம் பண்ணுவா?"

உழவர்களுக்கான நிகழ்ச்சி தொடங்கினால் கூடத்தில் இருந்த உழவர்கள் எல்லோரும் பீடி பிடிக்க வெளியே போய்விடுவார்கள். நெல்லைப் பற்றி அவர்களுக்குச் சொல்ல அந்தப் பேண்ட் போட்டவர் யார் என்பது அவர்கள் எண்ணம். நடுநடுவே ஒளிபரப்பு நின்று, தடங்கலுக்கு வருந்துகிறோம் என்று ஓர் அட்டை வரும். அதற்கு மட்டும் யாரும் குறை சொன்னதில்லை.

இவ்வளவு கருத்தையும் வீணாக்க வேண்டாமே என்று நேயர் கடிதங்களைப் படிக்கும் நிகழ்ச்சி ஒன்று வந்தது. வாரம் ஒருநாள் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் உட்கார்ந்து, ஊர் பெயரும் எழுதியவர் பெயரும் சொல்லிக் கடிதங்களைப் படிப்பார்கள். முதல் வாரம் திண்டிவனத்திலிருந்து ஒரு பெண் எழுதியதைப் படித்தார்கள். மாமியாருக்குப் பொறுக்கவில்லை.

"திண்டிவனத்துக்காரிக்கு ஒண்டிதான் வாய் கீதா? இந்தா பொண்ணே, நீ படிச்சவதானே. ஒரு கார்டு எட்து எய்து. எம் பேர்ல எய்து. பொட்டி என்துதானே."

நான் ஆசிரியர் பயிற்சி முடித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு என் படிப்புக்குக் கிடைத்த முதல் வேலை அதுதான். வாராவாரம் அவர் சொல்வார், நான் எழுதுவேன். "அந்தச் சிறுக்கிய மொதல்ல நாடகத்துலேர்ந்து தொறத்தச் சொல்லு" என்பார். 'கதாநாயகியின் பாத்திரப் படைப்பைச் சற்று மாற்றினால் சிறப்பாக இருக்கும்' என்று எழுதுவேன். "தவுட்டு மூட்ட மாரி கீறான், இவனுக்கு ரெண்டு பொண்டாட்டி கேக்குதா?" என்பார். 'இரு தார மணத்தைத் தவிர்த்திருக்கலாம்' என்று எழுதுவேன். பிறகு படித்துக் காட்டுவேன். தலையை ஆட்டிக் கேட்பார்.

"நல்லாத்தான் கீது. காரம் கொறச்சலு."

பதினோரு வாரத்தில் பதினோரு கார்டு போட்டோம். ஒன்றையும் படிக்கவில்லை. நான் காரத்தைக் குறைத்ததுதான் காரணமோ என்று எனக்கு உறுத்தல். இருந்தாலும் அப்படியே எழுதினால் போலீஸ் வருமோ என்றும் ஒரு பயம்.

அந்தச் சமயத்தில்தான் பதின்மூன்று வாரத் தொடர் ஒன்று தொடங்கியது. சென்னையில் ஒரு குடும்பம். மருமகள் கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு ஆபீஸ் வேலைக்குப் போக ஆசைப்படுகிறாள். போகட்டுமா வேண்டாமா என்பதுதான் பதின்மூன்று வாரமும். முதல் வாரமே எதிர்வீட்டு மாமா தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"கால ஒடிச்சி மூலையில ஒக்கார வெக்கணும் தங்கச்சி. வேலைக்குப் போறாளாம் வேலைக்கு. லிப்ஸ்டிக்க பாத்தியா."

"புள்ளைக்கு எண்ண தேச்சிக் குளுப்பாட்டத் தெரியல. கையி புடிக்கிற விதமே தப்பு. இவ போயி ஆபீசுல இன்னா கிய்க்கப் போறா?" என்றார் மாமியார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் கொஞ்சம் சிரித்தேன். அரிசி டின்னுக்கு அடியில், ஒரு துணியில் சுற்றி, என் பெயருக்கு வந்த ஒரு கடிதம் இருந்தது. திருமுக்கூடல் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியை இடம் காலி. பள்ளி திறக்கும் நாளில் சேர வேண்டும். சம்மதம் என்றால் மே மாதம் முடிவதற்குள் எழுதித் தெரிவிக்க வேண்டும்.

வீட்டுக்காரரிடம் காட்டினேன். இரண்டு முறை படித்தார்.

"நல்ல வேலதான். அம்மா இன்னா சொல்றாங்களோ அப்டி செய்."

"நீங்க சொல்லுங்களேன்."

"நான் இன்னாத்த சொல்றது? புள்ளய பாத்துக்கப் போறது அவங்கதானே. நீயே கேளு."

கேட்கலாம் என்று தினமும் நினைத்தேன். ஆனால் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. தெருவே கூடி, அந்த மருமகளை வாராவாரம் கூடத்தில் உட்கார வைத்து விசாரித்துக்கொண்டிருந்தது. அவள் குழந்தைக்கு ஒருநாள் காய்ச்சல் கண்டது. "பாத்தியா, தாயி நெனப்பு வெளிய போனா புள்ளைக்கு ஆவாது" என்றார்கள். எனக்கே சந்தேகமாகிவிட்டது. அன்றிரவு மகளின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். நான் போக ஆசைப்படுவது தப்போ? ஆசைப்படுவதால்தான் குழந்தையைப் பற்றி இவ்வளவு பயப்படுகிறேனோ? படித்த படிப்பு இந்தக் கேள்விக்கு உதவவில்லை.

கூடத்தில் இருந்தவர்களைத்தான் இதுவரை சொன்னேன். வெளியே முற்றத்திலும் ஆட்கள் இருந்தார்கள். எங்கள் நிலத்தில் நாற்று நட, களை எடுக்க வருகிற காலனிக்காரர்கள் முற்றத்தில் நின்று ஜன்னல் வழியாகப் பார்ப்பார்கள். உள்ளே வரச் சொன்னவர் யாருமில்லை. சொல்ல வேண்டும் என்று நான் நினைத்ததுண்டு. நினைத்ததோடு சரி. அவர்கள் கருத்தை நான் எந்தக் கார்டிலும் எழுதியதுமில்லை.

ஒன்பதாவது வாரம். திரையில் அந்த மாமியார், மருமகள், கணவன் மூவரும் மாறிமாறி அழுதார்கள். கூடமே பொருமிக்கொண்டிருந்தது. ஜன்னலில் சாய்ந்து நின்ற ஒரு பெண், எங்கள் வயலில் நடவுக்கு முதல் ஆளாக இறங்குகிறவள், பக்கத்தில் நின்றவளிடம் சொன்னது எனக்குக் கேட்டது. சமையலறை வாசற்படி அந்த ஜன்னலுக்குப் பக்கம்.

"வேலைக்குப் போவாத பொம்பள எங்க தெருவுல யாருடி கீறா? எம்புள்ளய வரப்புல படுக்க வெச்சிட்டுதான் இவங்க கயனியில நட்டேன். அப்ப யாரும் நாடகம் போடல. வயலுக்குப் போனா வேல, ஆபீசுக்குப் போனா திமிரா? புள்ளய நான் பாத்துக்கிறேன், நீ போயிட்டு வாம்மான்னு அந்தக் கெய்வி ஒரு வார்த்த சொன்னா கத முடிஞ்சி பூடும். நாமளும் வூட்டுக்குப் போயி சோறு ஆக்கலாம்."

அன்று மாமியார் கார்டுக்குச் சொன்னது இரண்டே வரி. மருமகளை அவள் அம்மா வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அந்தச் சமையலறையில் நிஜமாகவே அடுப்பு மூட்ட வேண்டும். சொல்லிவிட்டு மாட்டைக் கட்டப் போனார். நான் எழுத உட்கார்ந்தேன். அடுப்பை எழுதவில்லை, அம்மா வீட்டையும் எழுதவில்லை.

'நானும் ஒரு மாமியார்தான். வேலைக்குப் போகாத பெண் எங்கள் ஊரில் யார் இருக்கிறார்கள்? வயலுக்குப் போனால் வேலை, ஆபீசுக்குப் போனால் மட்டும் திமிரா? குழந்தையை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போய் வா என்று அந்த அம்மாள் ஒரு வார்த்தை சொன்னால் கதை இந்த வாரமே முடிந்துவிடும்.'

எட்டு வரி வந்தது. கீழே மாமியார் பெயர், ஊர் பெயர். அவர் திரும்பி வந்து, "படி" என்றபோது அவர் சொன்ன இரண்டு வரியைப் படித்துக் காட்டினேன். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு வயதானவரிடம் நேருக்கு நேர் பொய் படித்தேன். எதற்காகச் செய்தேன் என்று கேட்டால், இதுவரை ஒரு கார்டையும் படிக்காதவர்கள் இதையா படிக்கப்போகிறார்கள் என்ற தைரியம்தான். எங்கேயாவது சொல்லிவிட வேண்டும் என்றிருந்தது. பஸ் நிறுத்தத்தில் தொங்கிய தபால் பெட்டிக்குள் போட்டேன். போட்ட பிறகு கையை உள்ளே விட்டுப் பார்த்தேன். விரல் நுனி வரைக்கும்தான் போயிற்று.

அதற்கடுத்த நாட்களில் நான் வேண்டாத சாமி இல்லை. படிக்கக் கூடாது என்று வேண்டினேன். ஒருவேளை படித்தால், ஒளிபரப்பு நிற்க வேண்டும் என்று வேண்டினேன். முதல் வாரம் படிக்கவில்லை. நிம்மதியில் மகளுக்குக் கூடுதலாக ஒரு கரண்டி நெய் ஊற்றிவிட்டேன். அதற்கு இரண்டு நாள் வயிற்றால் போயிற்று.

இரண்டாம் வாரம் திரையில் ஒரே எறும்புக் கூட்டம். மாடியிலிருந்து "தெரியுதா?" என்ற குரல். முகங்கள் தெரியவில்லை, குரல் மட்டும் தெளிவாக இருந்தது. கடிதம் படிக்கும் பெண்மணி சொன்னார்: "இந்தத் தொடரைப் பற்றி உத்திரமேரூர் பக்கத்திலிருந்து ஒரு மாமியாரே எழுதியிருக்கிறார்." ஊர் பெயரைச் சொன்னார். மாமியார் பெயரைச் சொன்னார். எட்டு வரியையும் நிறுத்தி நிதானமாகப் படித்தார். கடைசியில் அந்த ஆண், "எல்லா மாமியாரும் இப்படி இருந்துவிட்டால் எங்களுக்கு நாடகம் எழுதவே கதை கிடைக்காது" என்று சிரித்தார்.

 நான் குழந்தையை இறுக்கிப் பிடித்ததில் அது அழத் தொடங்கியது. எதிர்வீட்டு மாமா நாற்காலியைத் திருப்பினார்.

"தங்கச்சி, உம் பேருதானே சொன்னான்? இன்னா நீ இப்டி எய்திக்கிற? அன்னைக்கி அம்மா வூட்டுக்குத் தொறத்தணும்னியே?"

மாமியார் என்னைப் பார்க்கவில்லை. பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்தார். அவர் பெயரை அதுவரை ரேஷன் கார்டில் மட்டும்தான் யாரோ படித்திருப்பார்கள்.

"ஆமா, நாந்தான் எய்தச் சொன்னேன்" என்றார். "ஏன், அதுல இன்னா தப்பு? வயலுக்குப் போனா வேல, ஆபீசுக்குப் போனா திமிரா?"

மாமா நாற்காலியை மறுபடி பெட்டிப் பக்கம் திருப்பினார்.

"தப்புன்னு யாரு சொன்னா? நானும் அதான் நெனச்சிக்கினு இருந்தேன். மொத வாரமே நெனச்சேன்."

அவ்வளவுதான். பத்து வாரமாக அந்த மருமகளின் காலை ஒடிக்கக் காத்திருந்த கூடம், பத்து நிமிடத்தில் அவள் கையில் சாப்பாட்டு டப்பா கட்டிக் கொடுத்து அனுப்பத் தயாராகிவிட்டது. "இந்தக் காலத்துல ஒருத்தன் சம்பாரிச்சி ஆவுதா?" என்றார் ஒருவர். "பாவம், படிச்ச பொண்ணு" என்றார் இன்னொருவர். அவள் குழந்தை பிடிப்பது சரியில்லை என்று யாரும் சொல்லவில்லை. டிவியிலேயே சொல்லிவிட்டார்களே.

ஜன்னல் பக்கம் பார்த்தேன். நடவுக்கு வருகிறவள் முந்தானையை வாயில் வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். "பெரிம்மா ரொம்ப நல்லா சொல்லிக்கிறாங்கோ" என்றாள். சொல்லும்போது பெரியம்மாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். அதற்குள் மாடியிலிருந்து இறங்கிவந்த என் வீட்டுக்காரர், "இன்னா, இப்ப தெரியுதா?" என்றார்.

இரண்டு நாள் மாமியார் என்னிடம் வீட்டு வேலை விஷயங்களைத் தவிர ஒன்றும் பேசவில்லை. சோறு வைத்தால் சாப்பிட்டார். நான் உப்புப் போட்டேனா என்று எனக்கே தெரியாத குழம்பையும் சாப்பிட்டார். தெருவில் இரண்டு பேர் நிறுத்தி அவரைப் பாராட்டியதை மட்டும் வாசலிலிருந்து கேட்டேன். "இன்னாத்த செய்றது, நம்ப மனசுக்குப் பட்டத சொன்னேன்" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தார். மே மாதம் முடிய ஐந்து நாள் இருந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம், குழந்தையை மடியில் படுக்க வைத்துக்கொண்டே கூப்பிட்டார்.

"ஒரு கார்டு எட்து வா. அந்த நாடகத்துக்கு எய்தணும்."

கொண்டுவந்து உட்கார்ந்தேன். 

"எய்திக்கோ. அந்தப் பொண்ணு வேலைக்குப் போவட்டும். ஆனா காத்தால எய்ந்து சோறு ஆக்கி வெச்சிட்டுப் போவணும்."

எழுதினேன்.

"புள்ளைக்குக் காய்ச்சல்னா லீவு போடணும். மாமியா தலையில கட்டக் கூடாது. லிப்ஸ்டிக்கு கூடாது."

எழுதினேன். நான் லிப்ஸ்டிக்கைத் தொட்டதுகூட இல்லை.

"சாயங்காலம் நாலே முக்கா பஸ்ஸுல திரும்பிடணும். அத்த வுட்டுட்டேன், அடுத்த பஸ்ஸுல வந்தேன்னு சாக்கு சொன்னா அதோட வேலய வுட்டுடணும்."

பேனா நின்றது. நாடகத்தில் அந்த மருமகள் சென்னையில் இருந்தாள். எங்கே போனாலும் ஸ்கூட்டரில்தான் போனாள். நாலே முக்கால் பஸ் திருமுக்கூடல் பக்கத்திலிருந்து எங்கள் ஊருக்கு வருவது. அரிசி டின்னுக்கு அடியில் இருந்த துணியை அவர் எப்போது பிரித்தார், யாரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அரிசி அளப்பது அவர்தான் என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"எண்ணு. எத்தினி வரி வந்திச்சி?"

எண்ணினேன். "ஏழு அத்தை."

"நான் இன்னைக்கி இவ்ளோ பேசனதுக்கு ஏயு வரி. அன்னைக்கி ரெண்டு வார்த்த சொன்னேன். கார்டு ரொம்பி கெடந்திச்சி." குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார், குரலை உயர்த்தாமல். "எனக்குப் படிக்கத்தான் தெரியாது. கண்ணு நல்லாத்தான் கீது."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வேண்டும். சொல்ல வரவில்லை. அந்த நேரத்தில் எனக்கு வாயில் வந்ததுதான் அபத்தம்.

"இத தபால்ல போட்டுடட்டுமா அத்தை?"

"எதுக்கு? யாருக்குப் போவணுமோ அவதான் எய்திட்டாளே."

அன்று மாலையே பள்ளிக்குச் சம்மதம் எழுதினேன். மூன்று முறை படித்துப் பார்த்துவிட்டு உறையை ஒட்டினேன். மாமியாரின் கார்டு மகளின் தடுப்பூசி அட்டையோடு இருக்கிறது. அதில் இருக்கிற ஒவ்வொரு நிபந்தனைக்கும் நான் இன்னும் கட்டுப்பட்டிருக்கிறேன். இப்போது மகள் இரண்டாம் வகுப்பு. ஒரே ஒரு நாள் நாலே முக்கால் பஸ்ஸைத் தவறவிட்டு, பாலாற்று மணலில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு குறுக்கே ஓடி, யாருடைய டிராக்டரிலோ ஏறி, பஸ்ஸுக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்தேன். மாமியார் வாசலில் நின்று, "இன்னா, இன்னைக்கி பஸ்ஸு மண்ணா கீது?" என்று என் காலைப் பார்த்தார். தெருவில் கேட்டால், "எம் மருமவள நாந்தான் வேலைக்கு அனுப்ச்சேன். டிவிலயே சொன்னேனே, கேக்கல?" என்பார். பொய் என்று நான் எப்படிச் சொல்வது?

தொடர் பதின்மூன்றாம் வாரம் முடிந்தது. கடைசியில் அந்த மருமகள் வேலைக்குப் போகாமலே, தானாக மனம் மாறி வீட்டில் இருந்துவிட்டாள். எதிர்வீட்டு மாமா, அவர் சொன்னதை யாரும் கேட்கவில்லை என்று கோபித்துக்கொண்டு எழுந்து போனார். எந்தப் பக்கம் சொன்னதை என்று கேட்க முடியவில்லை.

அந்த வருடம் ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று, காலை பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். குழந்தை பால் குடித்திருக்குமா, நாம் திரும்பிப் போய்விடலாமா என்று பத்தாவது முறையாக யோசித்துக்கொண்டிருந்தேன். நடவுக்குப் போகிற பெண்கள் கழனிப் பக்கம் திரும்பினார்கள். முன்னால் போனவள் என்னைப் பார்த்து நின்றாள்.

"சின்னம்மா, வேலைக்கா?"

"ஆமா."

"நல்லது. போயிட்டு வா." இரண்டடி போனவள் திரும்பினாள். "ஏம்மா, அன்னைக்கி டிவில வந்தது எம் பேச்சுதானே? பேரு ஒண்டி ஏன் பெரிம்மா பேரு வந்திச்சி?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். பின்னால் நின்றவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்து, "அடுத்த கார்டுல உம் பேரு போடறேன்" என்றேன்.

தொடர் முடிந்துவிட்டது, அதற்கு இனிமேல் யாரும் கார்டு எழுதப்போவதில்லை என்பது அவளுக்கும் தெரியும். அதற்குள் பஸ் வந்துவிட்டது. நான் ஏறிக்கொண்டேன்.